மருந்து கேட்கவில்லை என்று சொன்ன மகனுக்கு

தம்பி மதி,

நீ வெள்ளிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து வருவதற்குள் உன் பெட்டியை உன் அப்பா நெல் மூட்டை நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து முடித்துவிடுவார். நான் எடுத்துவைத்த நார்த்தங்காய் ஊறுகாயை வெளியே எடுப்பார், உள்ளே வைப்பார், மறுபடி வெளியே எடுப்பார். வெளிநாட்டுக்குப் போகும் மகனிடம் பெற்றவள் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லிவிடலாம்தான். ஆனால் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போலப் பேசினால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்? பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், சொல்ல வந்தது பாதி போய்விடும். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. என்னைப் போல வாய் வறண்ட பெண்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோமே, அவர்கள் தாங்கள் போடும் சிறு மலரில் இதையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். சரி என்றேன். உன்னைப் பற்றி நான் பெருமையாகச் சொல்வதை நாலு பேர் படித்தால் எனக்குக் கசக்கவா போகிறது?

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம் மெஸ்ஸை ஆரம்பித்தபோது நீ ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா பாமணி ஆற்றுப் பாசனத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். நெல் அங்கேயிருந்து வரும், சோறு என் கையால் வேகும். மதியச் சாப்பாட்டுக்கு வரிசை வெளியே நிற்கும். எதையும் அளந்து போட்டு எனக்குப் பழக்கமில்லை. கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தால் போதும், குழம்புக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த நாக்குதான் முதலில் என்னைக் கைவிட்டது. ஒருநாள் உரக்கடை சாமிநாதன் பந்தியிலிருந்தே குரல் கொடுத்தார்.

“என்னக்கா, ரசத்துல கடல் தண்ணியையே கொட்டிட்டீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் கூட்டில் உப்பே இல்லை என்றார்கள். அதற்கடுத்து வத்தக்குழம்பு. நாக்கில் வைத்தால் துணியில் வைத்த மாதிரி இருந்தது. எதுவும் ஊறவில்லை, அதனால் எதுவும் தெரியவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து பந்தி போடுவதற்கு முன்னால் வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்து அடுப்படி வாசலில் நின்றார். போட்டதைச் சாப்பிட்டு எழுந்து போகிற மனிதர். வாழ்நாளில் ஒருமுறைகூட நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று சொன்னதில்லை. அவர் எனக்கு நாக்காக இருக்கக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் எதைக் கொடுத்தாலும் “சரியா இருக்கு” என்பார். திட்டித் திட்டித்தான் “புளி தூக்கலா இருக்கு”, “இன்னும் ஒரு கை உப்பு” என்று சொல்லப் பழகினார். இன்றைக்கும் நம் மெஸ்ஸின் ருசி அவர் நாக்கு சொல்வதுதான். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்து, அவளால் ஒன்று முடியாமல் போனால், ஏன் எதற்கு என்று கேள்வி கேட்காமல் போய் நிற்பது எப்படி என்று காட்ட உன் வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறார். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்.

ருசி போனதோடு நிற்கவில்லை. சோறு இறங்கவில்லை. இத்தனை பேருக்குச் சோறு போடுகிறவள், ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால்தான் விழுங்க முடிந்தது. அப்பளம் உதட்டில் ஒட்டியது. பல் ஈறோரமாகக் கரைந்து, கொட்டைப்பாக்கைக் கடித்த பல்லைப் போலத் துண்டு துண்டாக உடைந்தது. சர்க்கரையாக இருக்கும் என்று ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இல்லை. சூடு என்றார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், இளநீர் குடித்தேன், தலையில் விளக்கெண்ணெய் வைத்தேன். ஒரு டாக்டர் என் ரிப்போர்ட்டை மூடி என்னிடம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “ஒண்ணும் இல்லம்மா. வயசுதான். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.” வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோது, ஒருவேளை மனசுதானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. கை மூட்டெல்லாம் வலித்தது, காலையில் எழுந்திருக்கும்போதே நாள் முழுக்க நாற்று நட்டவள் போல அசதி. அதையெல்லாம் யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன்.

அந்த வருஷம்தான் குடவாசலில் என் அப்பா இறந்தார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர். அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறேன், நெஞ்சு வெடிக்கிறது, வாய் கோணுகிறது, கண்ணில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி எரிந்ததே தவிர ஈரம் வரவில்லை. உன் அத்தை பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “பெத்த அப்பன் போய்க் கெடக்குறாரு, கண்ணு கலங்குதா பாரு இவளுக்கு.” நீ அப்போது கல்லூரியிலிருந்து வந்து பந்தலில் நின்றுகொண்டிருந்தாய். நீ அதைக் கேட்டாய் என்று எனக்கு வெகு நாள் தெரியாது.

நீ பல் டாக்டர் படிப்பின் கடைசி வருஷத்தில் பொங்கலுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். மெஸ்ஸுக்கு லீவு. வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“ஏம்மா ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிக்கிற?”

“அப்புடித்தான் இறங்குது.”

“எத்தனை நாளா?”

“சாப்பிடுடா.”

நீ கையைக் கழுவிவிட்டு வந்தாய். ஒரு எவர்சில்வர் ஸ்பூனைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து ஆறவைத்து, என்னை வெளிச்சத்துக்கு முகம் காட்டி உட்காரச் சொன்னாய். வாயைத் திறந்ததும் ஸ்பூனின் பின்புறத்தை என் கன்னத்தின் உட்பக்கம் வைத்து இழுத்தாய். அது வரவில்லை. ஒட்டிக்கொண்டது. மெல்ல நெம்பித்தான் எடுத்தாய். உன் அப்பாவைக் கூப்பிட்டு அவர் வாயிலும் வைத்துப் பார்த்தாய். வழுக்கிக்கொண்டு வந்தது. அப்புறம் நீ கேட்ட கேள்விகளை நான் மறக்கவே மாட்டேன். “கண்ல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதா?” அடுப்புப் புகை என்று நினைத்திருந்தேன். “மூட்டு வலிக்குதா? காதுக்குக் கீழ வீங்கி வீங்கி வடியுதா? வேற எங்கயாச்சும் வறட்சியா இருக்கா? எங்கிட்ட சொல்ல வேணாம், லேடி டாக்டர்கிட்ட சொல்லு, ஆனா மறைக்காதம்மா.” என் உடம்பில் தனித்தனியாக நடந்துகொண்டிருந்த எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்துக் கேட்டாய். பதில் சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் இறங்கியது. அத்தனை நாளும் நான் சொல்லாமல் விட்டதை ஒருத்தன் தானாகவே கேட்கிறான் என்பதால்.

நீ படித்த கல்லூரிக்குக் கூட்டிப் போனாய். கண் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை மாட்டிவிட்டு எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார்கள். அது நனையவே இல்லை. கீழுதட்டின் உட்புறம் சின்னதாகக் கீறி, அரிசிக் குருணை மாதிரி இருந்த எச்சில் சுரப்பிகளை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நோய்க் கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உடம்பின் சொந்தப் படையே எச்சில் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய் என்று சொன்னார்கள். அதற்கு ஒரு வெளிநாட்டு டாக்டரின் பெயர். என் வாயில் ஈரம் இருந்த காலத்திலேயே அந்தப் பெயர் நுழைந்திருக்காது. முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை, சமாளிக்கலாம் என்றார்கள். அதைக் கேட்டு உன் அப்பாவுக்கு முகம் இருண்டுபோனது. எனக்கோ, உள்ளதைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. இருப்பது நோய்தான், என் மனசு கெட்டுப்போகவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உன் அத்தை எதிரே உட்கார்ந்திருந்தாள். நீ பாயசத்தை வைத்துவிட்டு, சத்தமே போடாமல், மரியாதை குறையாமல் சொன்னாய். “அத்தை, தாத்தா செத்தன்னைக்கு அம்மா அழல அழலன்னு சொன்னீங்கல்ல. அம்மாவுக்குக் கண்ணீர் சுரப்பியே வேலை செய்யலை. அவங்க அழுதாங்க, உங்களுக்குத் தெரியலை.” அத்தை சாப்பிட்ட கையோடு எழுந்துவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணீரில் என் புடவை நனைந்தது. யாரையும் அவமானப்படுத்தாமல் உண்மையைச் சொல்வது எப்படி என்பதை நான் உனக்குக் கற்றுக் கொடுத்ததாக நினைவில்லை. அது உன்னிடமே இருந்தது.

நீ படித்து முடித்ததும் நம்மூர் மேலராஜவீதியில் கிளினிக் வைக்க உன் அப்பா இடம் பார்த்து வைத்திருந்தார். நீ ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றாய். அவர் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “ஊரு பூரா பல்லு வலியோட திரியுது. இவன் எச்சியை ஆராயப் போறானாம்.” நீ சிரித்துக்கொண்டே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து விளக்கினாய். “அப்பா, ஆத்துல தண்ணி இருக்கு. வாய்க்காலும் இருக்கு. ஆனா மதகுக்குக் காவல் போட்ட ஆளே மதகை இடிச்சுட்டிருக்கான். ஏன் இடிக்கிறான்னு யாருக்கும் முழுசாத் தெரியலை. அதைக் கண்டுபிடிச்சாத்தான் நிறுத்த முடியும்.” அவர், “இடிஞ்ச மதகைத் திரும்பக் கட்டவும் முடியுமா?” என்று கேட்டார். “அதுவும் தெரியலைப்பா.” “அப்ப போ. போய்ப் பாரு.” கிளினிக் பேச்சு அன்றோடு முடிந்தது.

அப்புறம் தஞ்சாவூரில் நீயும் உன் குழுவும் ஒரு மருந்துப் பரிசோதனையை ஆரம்பித்தீர்கள். உடம்பின் அந்தப் படையை அடக்கும் புது மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது, கொடுக்கும் உங்களுக்கும் தெரியாது. நான்தான் முதல் ஆளாக வருவேன் என்று நினைத்திருந்தேன். நீ முடியாது என்றாய்.

“ஆராய்ச்சி பண்றவங்க வீட்டு ஆளு சேரக்கூடாதும்மா. அது விதி.”

“உன்னைப் பெத்தவளுக்கு இல்லாத மருந்தா?”

“உனக்கு நல்லாகணும்னு நான் ஆசைப்படுவேன்ல. ஆசைப்படுறவன் அளந்தா அளவு தப்பாப் போயிடும்.”

எனக்குக் கோபம்தான். இரண்டு வாரம் உன் போனை உன் அப்பாவிடமே கொடுத்தேன். அதற்காக நீ ஒரு வார்த்தை இறங்கிவரவும் இல்லை, என்னைக் கெஞ்சவும் இல்லை. போனில் அப்பாவிடம், “அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாங்களா?” என்று மட்டும் கேட்பாய். அந்தக் கோபத்திலும் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். கூத்தாநல்லூர் ஜமீலாவை உன்னிடம் அனுப்பினேன். அவர் மகன் துபாயில் இருக்கிறான், அவன் அனுப்பிய பெட்டி நிறைய பாதாம், பிஸ்தா. ஒன்றைக்கூடக் கடித்து விழுங்க முடியாது அவரால். மெஸ்ஸுக்குப் பார்சல் வாங்க வந்தவர் கையில் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துத்தான் நான் பேச்சுக் கொடுத்தேன். “நோம்பு நாள்ல சாயங்காலம் மஃரிபுக்கு நோம்பு தொறந்ததும் எல்லாருக்கும் தாகம் தீந்துரும் அக்கா. எனக்கு மட்டும் தீராது. வூட்ல சொன்னா சிரிக்குறாங்க” என்றார். நான் சிரிக்கவில்லை. அவரைப் பஸ் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பி வைத்தேன்.

ஜமீலா தேறினார். அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை! மாதாமாதம் போய்க் குட்டிக் கிண்ணத்தில் எச்சில் துப்பிக் கொடுத்துவிட்டு வருவார். வர வர முகத்தில் ஒரு தெளிவு. ஒருநாள் மெஸ்ஸுக்கு வந்து என் எதிரிலேயே முறுக்கைக் கடித்தார். “எறங்குது அக்கா!” என்றார். எனக்குச் சந்தோஷம் பாதி, பொறாமை பாதி. நிஜ மாத்திரைதான் அவருக்குக் கிடைத்திருக்கிறது, சோதனை முடிந்து மருந்து கடைக்கு வந்தால் நானும் சாப்பிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். உன் அப்பா ஒருபடி மேலே போய் என்னிடம், “மெஸ்ஸுல இனி உன் நாக்கே போதும், நான் கதிரறுக்கப் போகலாம்” என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்தாய். பந்தி முடிந்து நான் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தேன். நீ அடுப்படியில் வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்தாய்.

“கேக்கலைம்மா” என்றாய்.

“யாரு?”

“மருந்து. நிஜ மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் எச்சில்ல வித்தியாசமே இல்லை.”

நான் கையைத் துடைத்துக்கொண்டு உனக்கு மோர் கொடுத்தேன். நீ குடிக்கவில்லை. அப்புறம் மெல்ல மெல்லத்தான் மற்றதைச் சொன்னாய். அசதி பற்றிக் கேட்ட கேள்விகளில் நிஜ மாத்திரைக்காரர்களுக்குக் கொஞ்சம் முன்னேற்றம் தெரிகிறதாம். குழுவில் மூத்தவர் ஒருவர், ஆராய்ச்சிக் கட்டுரையில் அதை மேலே போட்டு எழுதலாம், வறட்சியைக் கீழே தள்ளிக்கொள்ளலாம், பொய் ஒன்றும் இல்லையே என்றாராம். மேற்கொண்டு வேலை கிடைக்கவும் அதுதான் நல்லது என்று உன் நன்மைக்காகவே சொன்னாராம்.

“நீ என்ன சொன்ன?”

“அந்தம்மாங்க வாயில ஈரம் வருமான்னு கேட்டுத்தான் வந்தாங்க. அதுக்குப் பதில் ‘வரலை’ங்கிறதுதான். அதைத்தான் முதல் வரியில எழுதணும்னு சொன்னேன்.”

“அதுக்கு அவரு?”

“யோசிச்சுட்டு வான்னாரு. ஊருக்கு வந்துட்டேன்.”

உனக்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்? எனக்கும் அந்த மருந்து வேண்டியிருந்தது தம்பி. அன்றைக்கு என் வாய் வறண்டதற்கு நோய் மட்டும் காரணமில்லை. ஆனால் முகம் வாடி உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்தபோது எனக்குள் பெரிதாக எழுந்தது ஏமாற்றம் இல்லை. யோசிக்க வந்தவன் போல நீ இல்லை. முடிவு பண்ணிவிட்டு, அதனால் வரப்போகிற வலியைத் தாங்கிக்கொள்ள வந்தவன் போல இருந்தாய். சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிப் போனாய். திங்கட்கிழமை நீ அந்த மூத்தவரிடம் அதையே திரும்பச் சொன்னதையும், அவர் கடைசியில் “சரி, நீயே எழுது” என்று விட்டுக்கொடுத்ததையும் போனில்தான் கேட்டேன். அவரும் நல்லவர்தான். தன் பெயரையும் அதில் போட்டுக்கொண்டார்.

எழுதியதோடு விட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதியது இந்தப் பெண்களுக்கு எங்கே தெரியப்போகிறது? நீ எல்லாரையும் தஞ்சாவூருக்குக் கூப்பிட்டாய். ஐப்பசி மழை. மாயவரத்திலிருந்தும் குடவாசலிலிருந்தும் நனைந்துகொண்டு வந்து அந்த மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு தண்ணீர் பாட்டில். ஜமீலா துணைக்குக் கூப்பிட்டதால் நானும் கடைசி வரிசையில் இருந்தேன். நீ மேடையில் ஏறவில்லை. நாற்காலிகளுக்கு நடுவில் வந்து நின்றாய்.

“எல்லாருக்கும் வணக்கங்க. சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடுறேன். மருந்து கேக்கலைங்க. வாய் வறட்சிக்கு இந்த மாத்திரையால பிரயோஜனம் இல்லை.”

மாயவரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா எழுந்தார். குரல் கரகரத்தது. “அப்ப எங்களை வச்சு சோதிச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமில்லைன்னு வீட்டுக்கு அனுப்புறீங்க. அப்புடித்தானே?”

நீ தலையைக் குனியவில்லை. “சோதிச்சுதான் பாத்தோம்மா. முதல் நாளே அப்படித்தான் சொல்லிக் கேட்டோம். நீங்க வராம இருந்திருந்தா இந்த மாத்திரையை நல்ல மருந்துன்னு நம்பி எத்தனையோ பேர் வருஷக்கணக்கா சாப்பிட்டிருப்பாங்க. உங்களாலதான் அது நிக்குது. உங்க வாய்க்கு ஈரம் கொடுக்க என்னால முடியலை. அது எனக்கு வருத்தம்தான்.” அந்த அம்மா நின்றுகொண்டே தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

அப்போதுதான் ஜமீலா கையைத் தூக்கினார். “எனக்கு நல்லாச்சே தம்பி. முறுக்கு தின்னேனே. எனக்குக் கொடுத்தது எது?”

நீ கையிலிருந்த தாளைப் பார்த்தாய். எல்லார் முன்னாலும் சொல்லலாமா என்று கேட்டாய். சொல்லுங்க என்றார். “வெறும் மாத்திரைங்க.”

ஜமீலாவின் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எல்லார் முன்னாலும் ஏமாந்துபோனவள் போல அவருக்கு வெட்கமாகிவிட்டது. முக்காட்டை இழுத்துக்கொண்டு மெல்லக் கேட்டார். “அப்ப எனக்கு நல்லானது பொய்யா?”

நீ அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். “பொய்யே இல்லைங்க. கண்ணுக்கு மருந்தை நேரம் தவறாம விட்டீங்க. பல்லைச் சரி பண்ணிக்கிட்டீங்க. எதை எப்படிச் சாப்பிடணும்னு பேசிப் பழகினீங்க. நீங்க சொன்னதைச் சிரிக்காம கேக்குறதுக்கு மாசாமாசம் இங்க ஆள் இருந்துச்சு. அதுல உங்களுக்கு நல்லாச்சு. உங்க எச்சில் அளவு மாறலை. ஆனா நீங்க முறுக்கு தின்னது நிஜம். அதை மாத்திரை கணக்குல எழுதக்கூடாது, அவ்வளவுதான்.” அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “அப்ப மாத்திரை நின்னாலும் மாசாமாசம் கூடலாமா?” என்று கேட்டார். எங்கள் மாதக் கூட்டம் அப்படித்தான் பிறந்தது. இதைப் படிக்கும் புது ஆட்களுக்காகத்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பட்ட பெருமையை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. நீ பட்டம் வாங்கியபோது பெருமைப்பட்டேன், அது எல்லாத் தாய்க்கும் உள்ளது. மருந்து பலித்து உனக்கு மாலை போட்டிருந்தாலும் பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் தோற்றுப்போன செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவனை நான் பெற்றிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு “ஒண்ணும் இல்லம்மா” என்று ரிப்போர்ட்டை மூடித் தள்ளிய டாக்டர்கூடக் கெட்டவர் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உனக்கு வந்தது.

சேமித்து வைத்த எச்சிலையும் ரத்தத்தையும் திரும்பப் பார்த்தபோது, இந்த நோய் எல்லாருக்கும் ஒரே நோய்தானா, ஒரே பெயருக்குள் வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றனவா என்ற சந்தேகம் வந்தது என்று சொன்னாய். ஒரு சிலருக்கு மட்டும் அந்த மாத்திரை கேட்டிருக்குமோ என்று எனக்கு உடனே ஆசை வந்தது. நீ என் ஆசையை அங்கேயே நிறுத்தினாய். “அது பதில் இல்லம்மா, புதுக் கேள்வி. திரும்பச் சோதிச்சாத்தான் சொல்ல முடியும்.” அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் இப்போது விமானம் ஏறுகிறாய். முதலில் விண்ணப்பித்த இடத்தில் உன்னை வேண்டாம் என்றார்கள், இப்போது போகிற இடத்துக்காரர்கள் வா என்கிறார்கள். எங்கே போனாலும் ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. சோதனைக் குழாயில் இருக்கும் எச்சில் ஒரு ஆளின் வாயிலிருந்து வந்தது. அந்த ஆள் மழையில் நனைந்துகொண்டு பஸ் ஏறி வந்த ஆள். அங்கே அவர்கள் உன்னைப் புகழ்ந்தால் வாங்கிக்கொள், ஆனால் அதை வைத்து எதையும் அளக்காதே. பசித்தால் சாப்பிடு. உன் அப்பாவுக்கு வாரம் ஒருமுறையாவது போன் பண்ணு. அவர் எதுவும் கேட்க மாட்டார், போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். நீயும் கொஞ்ச நேரம் சும்மா இரு.

நேற்று எங்கள் கூட்டம். நீ போகிற செய்தியைச் சொன்னேன். மாயவரத்துத் தையல்கடை அம்மா, அன்றைக்கு உன்னிடம் சண்டைக்கு நின்றாரே, அவர் வந்திருந்தார். கூட்டம் முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உங்க மகன் அங்க போயி அடுத்த மருந்து எதாச்சும் கொண்டாந்தா, என் பேரை முதல்ல எழுதிக்கச் சொல்லுங்க” என்றார். “இந்தத் தடவையும் கேக்கலைன்னா?” என்று கேட்டேன். அவர் குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: “கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லும் அந்தப் புள்ளை. அதுக்குத்தான் எழுதிக்கச் சொல்றேன்.”

அதை உன்னிடம் சேர்த்துவிட்டேன். போய் வா, தம்பி.

உன் அம்மா